கைப்பேசியும் அவசரமும்

கைப்பேசி தொலைந்துபோனால் பெரும்பாலோர் முதலில் கருவியின் விலையை எண்ணி வருந்துகிறார்கள். அடுத்து, உள்ளே இருந்த படங்கள் போயிற்றே என்று கலங்குகிறார்கள். ஆனால் அந்த நேரத்தில் முதலில் கவலைப்பட வேண்டியது சிம் அட்டையோடு சேர்ந்து போன நம் எண்ணைப் பற்றித்தான். வங்கிக் கணக்கு, மின்னஞ்சல், சமூக ஊடகக் கணக்கு, பணப் பரிமாற்றச் செயலி என எதன் கடவுச்சொல்லை மறந்தாலும், கேட்பவர் உண்மையான உரிமையாளர்தானா என்று சரிபார்க்கும் குறியீடு பெரும்பாலும் அந்த ஒரே எண்ணுக்குத்தான் வந்து சேர்கிறது. 1973 ஏப்ரல் 3 அன்று மோட்டரோலா நிறுவனப் பொறியாளர் மார்ட்டின் கூப்பர் நியூயார்க் நகரத் தெருவில் நின்றபடி, கையில் ஏந்தக்கூடிய கைப்பேசியிலிருந்து முதல் அழைப்பைச் செய்தபோது, ஒரு கிலோ அளவுக்கு எடை இருந்த அந்தக் கருவியால் பேச மட்டுமே முடிந்தது. அதன் வழிவந்த கருவி இன்று சாவிக்கொத்தாகவும் பணப்பையாகவும் கையெழுத்தாகவும் ஆகிவிட்டது. கருவி மாறிய அளவுக்கு அதைக் கையாளும் பழக்கம் மாறவில்லை. மணி அடித்தால் ஓடிப்போய் எடுக்க வேண்டும் என்ற பழைய தொலைபேசிக் காலத்துப் பதற்றம் இன்னும் நம்மை விடவில்லை. கைப்பேசி வழியாக வரும் தீங்குகளில் பெரும்பாலானவை அந்தப் பதற்றத்தின் வழியாகத்தான் நுழைகின்றன.

பண மோசடியை எடுத்துக்கொண்டால் இது தெளிவாகப் புரியும். ஓடிபி எனப்படும் ஒருமுறைக் கடவுச்சொல்லை யாரிடமும் சொல்லாதீர்கள் என்ற எச்சரிக்கையைக் கேட்காதவர்களே இல்லை. இருந்தும் மக்கள் சொல்லிவிடுகிறார்கள். காரணம், அந்தக் குறியீடு எப்படி, யாருடைய செயலால் தமக்கு வருகிறது என்பதை யாரும் அவர்களுக்கு விளக்கவில்லை. நடப்பது இதுதான். மோசடிக்காரரிடம் உங்கள் பெயரும் எண்ணும், சில நேரங்களில் கடவுச்சொல்லும்கூட, ஏற்கெனவே இருக்கும். அவர் தம் கருவியில் உங்கள் கணக்கைத் திறக்க முயல்கிறார், அல்லது கடவுச்சொல்லை மறந்துவிட்டதாகச் சொல்லி மீட்புக் குறியீடு கேட்கிறார். கணினி தன் கடமையைச் சரியாகச் செய்து, குறியீட்டை உங்களுக்கு அனுப்புகிறது. ஆக, கதவின் முன்னால் அவர் நிற்கிறார். சாவி உங்கள் கைக்கு வந்துவிட்டது. அவருக்கு எஞ்சியிருக்கும் ஒரே வேலை, அதை நீங்களாகவே கொடுக்கும்படி செய்வது. உங்கள் கணக்கு முடக்கப்படப் போகிறது, உங்கள் பெயரில் யாரோ கடன் வாங்கியிருக்கிறார்கள், அதை ரத்து செய்ய இப்போது வந்த எண்ணைச் சொல்லுங்கள் என்றெல்லாம் கதை கட்டுவது அதற்காகத்தான். இந்த வரிசையை ஒருமுறை மனத்தில் வாங்கிக்கொண்டவருக்கு எச்சரிக்கை வாசகம் தேவைப்படாது. நாம் எதையும் செய்யாதபோது குறியீடு வந்தால், வேறு யாரோ நம் கதவைத் திறக்க முயல்கிறார்கள் என்பதே அதன் பொருள்.

கதைகள் காலத்துக்குக் காலம் மாறினாலும் அவற்றின் எலும்புக்கூடு மாறுவதில்லை. முதலில் அச்சம் அல்லது ஆசை. அடுத்து, குறுகிய கெடு. பிறகு, யாரிடமும் சொல்லாதீர்கள், அழைப்பைத் துண்டிக்காதீர்கள் என்ற கட்டளை. இந்த மூன்றாவதுதான் எனக்கு மிக முக்கியமான அடையாளமாகத் தோன்றுகிறது. உண்மையான வங்கியோ காவல் துறையோ மருத்துவமனையோ, நீங்கள் பக்கத்தில் இருப்பவரிடம் கலந்து பேசுவதைத் தடுக்காது. அழைப்பவரின் எண் திரையில் சரியாகத் தெரிவது எதற்கும் சான்றாகாது, ஏனெனில் திரையில் காட்டப்படும் எண்ணைப் போலியாக மாற்ற முடியும். குரலும் இன்று சான்றாகாது. ஒருவர் இணையத்தில் வெளியிட்ட சிறிய ஒலிப்பதிவைக் கொண்டே அவர் பேசுவது போன்ற குரலை மென்பொருள் உருவாக்கித் தருகிறது. ஆகவே, விபத்தில் சிக்கியதாக மகனின் குரலிலேயே அழைப்பு வந்தாலும், அதைத் துண்டித்துவிட்டு, நம்மிடம் உள்ள அவருடைய எண்ணுக்கு நாமே அழைப்பதுதான் சரி. வங்கி என்றால், அட்டையின் பின்புறத்தில் அச்சிட்டிருக்கும் எண்ணுக்கு அழைக்க வேண்டும். உதவி செய்வதாகச் சொல்லித் திரையைப் பகிரும் செயலியை நிறுவச் சொன்னால், நம் திரையில் தோன்றும் ஒவ்வொரு எழுத்தும், வந்து சேரும் ஒவ்வொரு குறியீடும் எதிர்முனையில் இருப்பவருக்கும் தெரியும் என்பதை மறக்கக் கூடாது. பணப் பரிமாற்றச் செயலியில் பணத்தை அனுப்பத்தான் பின் எனப்படும் ரகசிய எண் தேவை. பெறுவதற்கு யாரும் அதை இட வேண்டியதில்லை.

ஏமாந்தவர்களைப் பற்றி இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். அவர்கள் அறிவில்லாதவர்கள் அல்லர். பயிற்சி பெற்ற ஒருவர், நாம் களைத்திருக்கும் வேளையில், நாம் நேசிப்பவர்களின் பெயரைச் சொல்லி மிரட்டும்போது யாருக்கும் தடுமாற்றம் வரும். ஏமாந்தவரைக் குடும்பத்தினர் ஏளனம் செய்தால் அடுத்த முறை அவர் வாய் திறக்க மாட்டார். அந்த மௌனம் பெரும் இழப்பில் முடியும், ஏனென்றால் திருடப்பட்ட பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்கு வேகமாக மாற்றப்படுகிறது. வங்கிக்கு எவ்வளவு விரைவில் தகவல் போகிறதோ அந்த அளவுக்கு அதை நிறுத்தி வைக்கும் வாய்ப்பு கூடும். கைப்பேசி தொடர்பான எல்லாவற்றிலும் நிதானம் வேண்டும் என்று எழுதும் நான், இந்த ஓர் இடத்தில் மட்டும் அவசரத்தைக் கேட்டுக்கொள்கிறேன்: ஏமாந்தது தெரிந்த அந்த நிமிடமே வங்கியை அழையுங்கள், வெட்கப்படுவதற்குப் பிறகு நேரம் இருக்கிறது.

நாம் கவனமாக இருந்தும் எண் பறிபோக ஒரு வழி இருக்கிறது. மோசடிக்காரர் தொலைத்தொடர்பு நிறுவனத்தை அணுகி, சிம் தொலைந்துவிட்டதாகச் சொல்லி நம் எண்ணுக்கு மாற்று அட்டை வாங்கிவிடுகிறார். அதன் பிறகு நமக்கு வர வேண்டிய குறுஞ்செய்திகள் எல்லாம் அவருக்குப் போகும். 2019 ஆகஸ்டில் ட்விட்டர் நிறுவனத்தின் அன்றைய தலைமைச் செயல் அதிகாரி ஜாக் டோர்சியின் சொந்த ட்விட்டர் கணக்கே, அவருடைய கைப்பேசி எண் பிறர் கைக்குப் போனதால் சிறிது நேரம் பறிபோனது. குறுஞ்செய்தியின் பலவீனம் இதோடு முடியவில்லை. தொலைத்தொடர்பு நிறுவனங்கள் தமக்குள் அழைப்புகளையும் செய்திகளையும் கைமாற்றிக்கொள்ளப் பயன்படுத்தும் எஸ்எஸ்7 என்ற நெறிமுறை 1970களில், ஒருவரை ஒருவர் நம்பிய சில நிறுவனங்களுக்காக உருவானது. அதற்குள் நுழைய இடம் கிடைத்தவர் செய்திகளை இடைமறிக்க முடியும். அமெரிக்காவின் தேசியத் தர மற்றும் தொழில்நுட்ப நிறுவனம் 2017இல் வெளியிட்ட அடையாளச் சரிபார்ப்பு வழிகாட்டுதல்களில், குறுஞ்செய்திக் குறியீட்டைக் கட்டுப்பாட்டுக்கு உரிய முறை என்று வகைப்படுத்தியதற்கு இத்தகைய குறைகளே காரணம். குறுஞ்செய்திக் குறியீடு இல்லாமல் இருப்பதைவிட இருப்பது நிச்சயமாக மேல். ஆனால் அதைவிட உறுதியான வழி கிடைக்கும் இடத்தில் அதோடு நின்றுவிடக் கூடாது. கருவிக்குள்ளேயே வழக்கமாக 30 விநாடிக்கு ஒருமுறை புதிய குறியீட்டை உருவாக்கும் சரிபார்ப்புச் செயலிகள் சிம் அட்டையைச் சார்ந்தவை அல்ல. கடவுச்சொல்லுக்குப் பதிலாக, கருவியில் வைத்திருக்கும் ரகசியச் சாவியால் நம்மை அடையாளம் காட்டும் பாஸ்கீ என்ற புதிய முறை இன்னும் வலுவானது. அது உண்மையான இணையதள முகவரிக்கு மட்டுமே பதில் தருவதால், போலித் தளம் எவ்வளவு தத்ரூபமாக இருந்தாலும் அதனிடம் ஏமாறாது. எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டால், மின்னஞ்சலிலிருந்து என்பேன். மற்ற கணக்குகளின் மீட்புக் கடிதங்கள் வந்து சேரும் இடம் அது. காரணமில்லாமல் கைப்பேசியில் நெடுநேரம் சிக்னல் இல்லாமல் போனால், அதைக் கோபுரக் கோளாறு என்று தள்ளிவிடாமல் வேறொரு எண்ணிலிருந்து நிறுவனத்தைக் கேட்டு உறுதி செய்துகொள்வதும் நல்லது.

அடுத்தது, இணைப்புகளைத் தொடும் பழக்கம். 2016 ஆகஸ்டில் ஐக்கிய அரபு அமீரகத்தின் மனித உரிமைச் செயற்பாட்டாளர் அகமது மன்சூருக்கு, சிறைகளில் நடக்கும் சித்திரவதை பற்றிய புதிய ரகசியங்கள் இதில் உள்ளன என்று ஓர் இணைப்போடு குறுஞ்செய்தி வந்தது. தம் வாழ்நாள் பணியோடு தொடர்புடைய செய்தி என்பதால் அவர் அதைத் திறந்து பார்க்க எல்லாக் காரணமும் இருந்தது. அவர் திறக்கவில்லை. டொராண்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சிட்டிசன் லேப் ஆய்வாளர்களுக்கு அனுப்பி வைத்தார். தொட்டிருந்தால் அவருடைய ஐபோனில் பெகாசஸ் என்ற உளவு மென்பொருள் புகுந்து, ஒலிவாங்கியையும் கேமராவையும் செய்திகளையும் பிறர் வசம் ஒப்படைத்திருக்கும் என்று அவர்கள் கண்டறிந்தார்கள். அதுவரை வெளியே தெரியாதிருந்த மூன்று பாதுகாப்பு ஓட்டைகளை அந்தத் தாக்குதல் பயன்படுத்தியிருந்தது. அதே மாதம் 25ஆம் தேதி ஆப்பிள் நிறுவனம் அவற்றை அடைக்கும் புதுப்பிப்பை வெளியிட்டது. ஒரு மனிதர் விரலை நிறுத்தி வைத்ததால் உலகெங்கும் இருந்த ஐபோன்களுக்குப் பாதுகாப்பு கிடைத்தது என்பதை எண்ணும்போது எனக்கு இன்றும் நெஞ்சு நெகிழ்கிறது.

இந்த நிகழ்ச்சியின் மறுபாதியையும் கவனிக்க வேண்டும். அடைப்பு வெளியான பிறகு அதை நிறுவாமல் விட்டவர்களின் கருவிகளில் ஓட்டை அப்படியே இருந்தது. முன்பு சிலருக்கு மட்டும் தெரிந்திருந்த ஓட்டை, அடைப்பு வெளியான அன்றே எல்லோருக்கும் தெரிந்த ஓட்டையாகிவிட்டது. ஆண்ட்ராய்டு கருவிகளில் 2015இல் வெளிப்பட்ட ஸ்டேஜ்ஃபிரைட் என்ற குறையில், காணொளி இணைத்த ஒரு செய்தி வந்து சேர்வதே ஆபத்துக்குப் போதுமானதாக இருந்தது. கூகுள் நிறுவனம் மாதந்தோறும் பாதுகாப்புப் புதுப்பிப்பு வெளியிடத் தொடங்கியது அதன் பிறகுதான். அப்டேட் செய்யச் சொல்லி வரும் அறிவிப்பைத் தொந்தரவாகக் கருதி நாளைக்கு என்று தள்ளிவிடுகிறோம்; கண்ட இணைப்பை மட்டும் உடனே தொடுகிறோம். இரண்டையும் தலைகீழாக்க வேண்டும். புதிய வசதிகளுக்காக அல்லாமல், இனி பாதுகாப்புப் புதுப்பிப்பு வராது என்ற காரணத்துக்காகத்தான் ஒரு கைப்பேசியை மாற்ற வேண்டும். வாங்கும்போதே அந்தப் புதுப்பிப்பு எத்தனை ஆண்டுகள் வரும் என்று கேட்டுத் தெரிந்துகொள்வது கேமராவின் திறனைப் பார்ப்பதைவிட முக்கியம்.

செயலிகள் கேட்கும் அனுமதிகளிலும் இதே அவசரம்தான். ஆண்ட்ராய்டில் 2015ஆம் ஆண்டின் 6.0 பதிப்பு முதல், ஒவ்வொரு முக்கிய அனுமதியையும் செயலி தனித்தனியாக நம்மிடம் கேட்டாக வேண்டும். அந்தக் கேள்வி நமக்கு யோசிக்க இடம் தருவதற்காக வைக்கப்பட்டது. நாமோ வேலை நடந்தால் போதும் என்று படிக்காமலே சம்மதம் தருகிறோம். டார்ச் விளக்குச் செயலிக்குத் தொடர்புப் பட்டியல் எதற்கு என்று ஒரு விநாடி கேட்டுப் பார்த்தால் விடை தெரிந்துவிடும். இதில் பலர் கவனிக்காத பொறுப்பு ஒன்றும் அடங்கியிருக்கிறது. தொடர்புப் பட்டியலைத் திறந்துவிடும்போது நாம் கொடுப்பது நம்முடைய தகவலை அல்ல, நம்மை நம்பித் தம் எண்ணைத் தந்தவர்களின் தகவலை. அவர்கள் யாரும் அந்தச் செயலிக்குச் சம்மதம் தரவில்லை.

இருப்பிடத் தகவல் இன்னும் நுட்பமானது. ஓட்டப் பயிற்சி செய்வோர் பயன்படுத்தும் ஸ்ட்ராவா என்ற செயலி, தன் பயனர்கள் ஓடிய தடங்களையெல்லாம் பெயரில்லாமல் தொகுத்து ஓர் உலக வரைபடமாக 2017 நவம்பரில் வெளியிட்டது. ஆள் நடமாட்டம் அரிதான பகுதிகளில் தனியே ஒளிர்ந்த கோடுகள், ராணுவ முகாம்களுக்குள் வீரர்கள் ஓடிய தடங்கள் என்பது 2018 ஜனவரியில் வெளிச்சத்துக்கு வந்தது. பெயரை நீக்கினாலும் தடமே ஆளைக் காட்டிக்கொடுக்கும்: இரவில் ஓரிடத்திலும் பகலில் ஓரிடத்திலும் தொடர்ந்து இருக்கும் கருவி யாருடையது என்று கண்டுபிடிப்பது கடினமன்று. கைப்பேசியில் எடுக்கும் படத்துக்குள்ளும், அமைப்பில் தடுத்து வைக்காவிட்டால், எடுத்த இடத்தின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் பதிந்திருக்கக்கூடும். 2012 டிசம்பரில், தலைமறைவாக இருந்த மென்பொருள் தொழிலதிபர் ஜான் மெக்காஃபி குவாத்தமாலாவில் இருப்பது, ஒரு பத்திரிகை வெளியிட்ட அவருடைய படத்தில் மறைந்திருந்த அந்த எண்களால் வெளிப்பட்டது. பள்ளிச் சீருடையில் இருக்கும் குழந்தையின் படத்தைப் பொதுவில் பதிவிடும் பெற்றோர், அந்தக் குழந்தை தினமும் எங்கே இருக்கும் என்பதை அறிமுகமில்லாதவர்களுக்கும் சொல்கிறார்கள். அன்பினால்தான் செய்கிறார்கள் என்பதை அறிவேன். எனினும் குழந்தை வளர்ந்து கேள்வி கேட்கும் வயது வரும்போது அந்தப் படங்கள் திரும்பப் பெற முடியாத தொலைவுக்குப் போயிருக்கும். பிறரைப் படமெடுப்பதற்கும் வெளியிடுவதற்கும் அவர்களிடம் கேட்பது நாகரிகத்தைத் தாண்டி, அவர்களின் பாதுகாப்பும் ஆகும்.

வந்த செய்தியை மற்றவருக்கு அனுப்புவதும் வெளியிடுவதே. பரபரப்பான செய்தி நம்மை வந்தடையும்போது, அதை முதலில் சொல்பவராக இருக்க வேண்டும் என்ற உந்துதல் எழுவது இயல்பு. வதந்திகள் உயிர்களைப் பறித்த பிறகு, வாட்ஸ்அப் நிறுவனம் 2019 ஜனவரியில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி உலகம் முழுவதும் வரம்பு விதித்தது. 2020 ஏப்ரலில், ஏற்கெனவே பல கைகள் மாறிய செய்திகளை ஒரு நேரத்தில் ஓர் உரையாடலுக்கு மட்டுமே அனுப்பலாம் என்று அதை இறுக்கியது. அதன் பிறகு அத்தகைய செய்திகளின் பரவல் 70 சதவீதம் குறைந்ததாக அந்த நிறுவனமே தெரிவித்தது. இங்கே செய்தியின் உள்ளடக்கத்தை யாரும் தணிக்கை செய்யவில்லை. அனுப்புவதைச் சற்றே சிரமமாக்கியதற்குத்தான் இந்தப் பலன். அந்தச் சிரமத்தை நமக்கு நாமே விதித்துக்கொள்ளலாம். தேதி இல்லாத, ஊர் சொல்லாத, உடனே எல்லோருக்கும் அனுப்புங்கள் என்று கெஞ்சும் செய்தி எதுவானாலும் நம்மோடு நின்றுவிட்டால் உலகத்துக்கு ஒரு குறையும் வராது.

அவசரத்தின் விலையை உயிராகவே கொடுக்கும் இடம் சாலை. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வாகனம் ஒரு விநாடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடக்கிறது. ஒரு செய்தியைப் படிக்க ஐந்து விநாடி குனிந்தால், 80 மீட்டருக்கு மேல் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டியதற்குச் சமம். வாகனம் ஓட்டும்போது கைப்பேசியைப் பயன்படுத்துவோர் விபத்தில் சிக்கும் வாய்ப்பு, பயன்படுத்தாதவர்களைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. கையில் பிடிக்காமல் ப்ளூடூத்தில் பேசினால் ஆபத்தில்லை என்று நம்புகிறவர்கள் உண்டு. கை விடுபடுகிறதே ஒழிய மனம் விடுபடுவதில்லை. கண் சாலையை நோக்கியிருந்தும், எதிரே வருவதை மனம் பதிவு செய்யத் தவறிவிடுகிறது. பக்கத்தில் அமர்ந்து பேசுபவர் சாலை நெருக்கடியைப் பார்த்துத் தாமே பேச்சை நிறுத்துவார். தொலைவில் இருப்பவருக்கு அது தெரியாது. ஆகையால் அழைப்பவருக்கும் இதில் பங்கு உண்டு. எதிர்முனையில் இருப்பவர் வண்டி ஓட்டுகிறார் என்று தெரிந்ததும், பிறகு பேசலாம் என்று முதலில் சொல்ல வேண்டியவர் அழைத்தவரே.

உடல்நலம் பற்றிய அச்சங்களில் மக்கள் அதிகம் பேசுவது கதிர்வீச்சைப் பற்றி. என் பார்வையில் அது குறைவாகவே கவலைப்பட வேண்டிய ஒன்று. கைப்பேசி வெளியிடும் ரேடியோ அலைகள் எக்ஸ் கதிர்களைப் போல அணுக்களை அயனியாக்கும் ஆற்றல் கொண்டவை அல்ல. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2011இல் இவற்றைப் புற்றுநோய் உண்டாக்கக்கூடிய சாத்தியம் உள்ளவை என்ற 2பி பிரிவில் சேர்த்தது. சான்றுகள் போதுமானவையாக இல்லாதபோதும் முற்றிலும் ஒதுக்க முடியாதவற்றுக்கான பிரிவு அது. உலகச் சுகாதார நிறுவனத்தின் முன்னெடுப்பில் நடந்து 2024இல் வெளியான விரிவான ஆய்வுத் தொகுப்பு, கைப்பேசிப் பயன்பாட்டுக்கும் மூளைப் புற்றுநோய்க்கும் தொடர்பு காணவில்லை. இதைவிட உண்மையான ஆபத்து மின்கலத்தில் இருக்கிறது. லித்தியம் அயனி மின்கலம் சேதமடைந்தாலோ அளவுக்கு மீறிச் சூடானாலோ, உள்ளே எழும் வெப்பம் மேலும் வெப்பத்தைத் தூண்டித் தீப்பிடிக்கக்கூடும். உப்பிய மின்கலத்தை அழுத்தவோ துளைக்கவோ கூடாது. தலையணைக்கடியில் வைத்து சார்ஜ் செய்யவே கூடாது.

குழந்தைகளின் பாதுகாப்பு அதைவிடப் பெரிய விஷயம். உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதல், ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குத் திரையே வேண்டாம் என்றும், 2 முதல் 4 வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்றும் சொல்கிறது. வளர்ந்த பிள்ளைகளிடம் தடை மட்டும் பலிக்காது. இணையத்தில் அறிமுகமானவர் படம் கேட்டு மிரட்டினால் பெற்றோரிடம் ஓடிவந்து சொல்லும் தைரியம் பிள்ளைக்கு இருக்க வேண்டும். சொன்னால் கைப்பேசியைப் பிடுங்கிவிடுவார்கள் என்ற பயம் இருக்கும் வீட்டில் அந்தத் தைரியம் வளராது. மிரட்டுபவரின் பலமெல்லாம் அந்தப் பயத்தில்தான் இருக்கிறது.

கடைசியாக, கருவியும் எண்ணும் நம்மை விட்டுப் போகும் நாளுக்கான ஏற்பாடு. நான்கு இலக்கப் பூட்டுக்கு 10,000 சேர்க்கைகள்தான் உண்டு. ஆறு இலக்கமானால் அது 10 லட்சமாகிறது. பூட்டிய திரையில் செய்திகளின் உள்ளடக்கம் தெரியாதபடி மறைக்காவிட்டால், வந்த குறியீட்டைப் படிக்கத் திருடருக்குப் பூட்டைத் திறக்கும் அவசியமே இல்லை. சிம் அட்டைக்கும் தனியாக ஒரு பின் எண் வைக்க முடியும். வைத்தால், அட்டையைக் கழற்றி வேறு கருவியில் போட்டாலும் அது இயங்காது. கருவிக்கே உரிய 15 இலக்க ஐஎம்இஐ எண்ணை *#06# என்று அழுத்திப் பார்த்துத் தாளில் குறித்து வைத்தால், புகார் தரும்போதும் கருவியை முடக்கக் கோரும்போதும் உதவும். கைப்பேசியை விற்கும் முன் கணக்குகளிலிருந்து வெளியேறி, முழுவதும் அழித்துவிட்டுத்தான் கொடுக்க வேண்டும் என்பது பலருக்கும் தெரியும். எண்ணைக் கைவிடும்போது மட்டும் யாரும் இவ்வளவு கவனம் எடுப்பதில்லை. நாம் விட்ட எண்ணைத் தொலைத்தொடர்பு நிறுவனம் சில காலம் கழித்து வேறொருவருக்குக் கொடுத்துவிடும். நம் பழைய கணக்குகளோ அதை இன்னும் நம்முடையது என்றே நம்பிக்கொண்டு குறியீடுகளை அனுப்பும். ஆகவே மின்னஞ்சல் முதல் வங்கி வரை ஒவ்வொரு கணக்கிலும் புதிய எண்ணைப் பதிவு செய்து, பழைய எண்ணுக்கு இனி ஒரு குறியீடும் வருவதில்லை என்று சில வாரங்கள் பார்த்து உறுதி செய்துகொண்ட பிறகே பழைய சிம்மை நிறுத்த வேண்டும்.